பேஸ்மேக்கர் வைத்தால் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்குமா?

3 ஜூன் 2023 – கேள்வி (தாராபுரம் பக்கத்து வாசகர்)

எங்கள் பெரியப்பாவுக்கு 76 வயது. தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் வரப்பிலேயே மயங்கி விழுந்துவிட்டார். நாடித் துடிப்பு 36 என்கிறார்கள். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, முழு ஹார்ட் பிளாக், பேஸ்மேக்கர் வைத்தே ஆகவேண்டும் என்கிறார் டாக்டர். ஒறம்பறை எல்லாம் கூடி வேண்டாம் என்கிறார்கள். வைத்துவிட்டால் இதயம் மிஷினுக்குப் பழகிவிடுமாம். கடைசிக் காலத்தில் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடக்குமாம். பெரியப்பாவும் 'எனக்கெதுக்கு கண்ணு அந்தக் கருமம்' என்று படுத்துக்கொண்டார். வைத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க.

3 ஜூன், இரவு

நான் வைத்துக்கொண்டவன். கோவைப் பக்கம் நூல் மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். மற்ற கதையெல்லாம் அப்புறம். 36 துடிப்பும் மயக்கமும் சேர்ந்து வந்தால் அது ஒறம்பறையைக் கூட்டி வைத்துப் பேசும் விஷயம் இல்லை. இன்றே அட்மிட் செய்யுங்க. வரப்பில் விழுந்தவர் அடுத்த தடவை கிணற்று மேட்டில் விழலாம். முதலில் வண்டிச் சாவியை வாங்கி வையுங்க.

உயிர் இழுக்கும் என்பது பொய். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன்.

4 ஜூன், காலை

முதலில் 36 எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

இதயத்தின் வலது மேலறையில், மேல் ஓரமாக, சைனஸ் முடிச்சு என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. உடம்பிலேயே இருக்கும் பேஸ்மேக்கர் அதுதான். 1907-ல் இங்கிலாந்தில் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃப்ளாக் என்ற இரண்டு பேர் அதை அடையாளம் கண்டார்கள். ஃப்ளாக் முதலில் பார்த்தது ஓர் அகழெலியின் இதயத்தில். நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை அங்கிருந்து மின்துடிப்பு கிளம்பும். மேலறைகளைச் சுருக்கிவிட்டு நடுவில் இன்னொரு முடிச்சுக்கு வரும். அங்கே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவு தாமதம். கீழறையில் ரத்தம் நிரம்புவதற்கான நேரம் அது. பிறகுதான் கீழறைகளுக்குப் போகும். கையில் நாம் பிடித்துப் பார்க்கும் நாடி கீழறை அடிப்பது.

பெரியப்பாவுக்கு இந்த நடுப்பாதை முழுதாகப் பழுது, டாக்டர் சொன்ன முழு ஹார்ட் பிளாக் இதுதான். மேலறை பாட்டுக்கு 80 அடித்துக்கொண்டிருக்கும். கீழறைக்குச் செய்தியே வராது. வராவிட்டாலும் அது சும்மா நின்றுவிடுவதில்லை, தானாகவே 20 முதல் 40 வரை மெதுவாக அடித்துக்கொள்ளும். அந்த அவசரத் துடிப்பில்தான் அவர் இப்போது நடமாடிக்கொண்டிருக்கிறார். திண்ணையில் உட்கார்ந்திருக்க அது போதும், மண்வெட்டி பிடிக்கப் போதாது. நம்பியிருக்கவும் முடியாது, சொல்லாமல் கொள்ளாமல் சில நொடிகள் நின்றுபோகும். அந்த நொடிகளில் மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் சாய்ந்துவிடுவார்.

இங்கேதான் பேஸ்மேக்கர் வருகிறது. டைட்டானியம் கூடு, உள்ளே பேட்டரி, சர்க்யூட். மொத்த எடை 20 முதல் 50 கிராம். அதிலிருந்து ஒன்றோ இரண்டோ ஒயர் ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகிறது. அந்த ஒயரின் முதல் வேலை கேட்பது. இதயம் தானாக அடித்ததா, சரி, சும்மா இரு. குறித்த நேரத்துக்குள் அடிக்கவில்லையா, இரண்டு மூன்று வோல்ட்டில், ஒரு மில்லிசெகண்டில் பாதிகூட இல்லாத நேரத்துக்கு, ஒரு தட்டு. அந்தத் தட்டில் பக்கத்துத் தசை விழித்துக்கொள்ளும், அடுத்தடுத்து மற்றதும் சுருங்கும். ரத்தத்தைத் தள்ளுவது அப்போதும் தசைதான். பெட்டி எதையும் தள்ளுவதில்லை.

நம் வீட்டு இன்வெர்ட்டர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்க. லைனில் கரண்ட் இருக்கும் வரை பார்த்துக்கொண்டு இருக்கும், போனால்தான் வேலை.

4 ஜூன், மாலை

இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கேத் லேப்பில் டெக்னீஷியனாக இருக்கும் கோபிக்காரத் தங்கை ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: 'அண்ணா, இன்வெர்ட்டர் பாதி தூரந்தான் வருங்க.' நியாயம்தான். இன்வெர்ட்டர் ஒரு தடவை மாறினால் லைன் திரும்பும் வரை அப்படியே நிற்கும். இது ஒவ்வொரு துடிப்புக்கும் புதிதாக முடிவெடுக்கிறது. நிமிடத்துக்கு 60 என்று வைத்திருந்தால் 1000 மில்லிசெகண்ட் காத்திருக்கும். 990-ல் இதயம் தானாக அடித்துவிட்டால் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து.

அவர் சொன்ன இன்னொன்றுதான் பெரியப்பாவுக்கு முக்கியம். அவருக்கு மேலறை நன்றாக இருக்கிறது. இரண்டு ஒயர் வைத்தால், ஒன்று மேலறைத் துடிப்பைக் கேட்கும். சாதாரணமாக நடுப்பாதை எடுத்துக்கொள்ளும் அளவு நேரம் விட்டு, மற்றது கீழறையைத் தட்டும். அவர் வேகமாக நடந்தால் அவருடைய சைனஸ் முடிச்சே 100-க்கு ஏறும், கீழறையும் கூடவே 100-க்கு ஏறும். வேகத்தை நிர்ணயிப்பது அவர் உடம்புதான், மிஷின் இல்லை. இதைப் பெரியப்பாவிடம் சொல்லுங்க. 'மிஷின் என்னை ஓட்டும்' என்ற நினைப்புதான் நிறையப் பேருக்கு உறுத்துகிறது. எனக்கும் உறுத்தியது.

6 ஜூன்

உயிர் இழுக்கும் பேச்சுக்கு வருகிறேன்.

சாகும் நேரத்தில் நடப்பது வேறு. நுரையீரலோ கிட்னியோ கைவிட்டு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்து, அமிலம் ஏறிவிட்டால் இதயத் தசை தட்டுக்குப் பதில் சொல்லாது. பேஸ்மேக்கர் தட்டிக்கொண்டே இருக்கும், தசை சுருங்காது. சுருங்காவிட்டால் ரத்த ஓட்டம் இல்லை, அவ்வளவுதான். பெட்டியால் யாரையும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் இந்தப் பேச்சு எங்கே முளைத்தது? என் யூகம், ஐசியு மானிட்டரில். பேஸ்மேக்கர் வைத்தவர் இறந்த பிறகும் திரையில் ஊசி ஊசியாகக் கோடு வரும். அது மிஷினின் மின்துடிப்பு மட்டும். அதற்குப் பின்னால் வரவேண்டிய அகலமான அலை இருக்காது. பக்கத்தில் நிற்கும் மகனுக்கு அது எப்படித் தெரியும்? 'இன்னும் துடிக்குதுங்களே' என்றுதான் கேட்பான். டாக்டர் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாலும், திரையில் பார்த்ததைத்தான் ஊருக்குள் கொண்டுவருவான்.

இதோடு ஐசிடி என்ற வேறொரு பெட்டியையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். அது ஆபத்தான வேகத்தில் ஓடும் இதயத்துக்கு ஷாக் கொடுத்து அந்த ஓட்டத்தை அடக்கும். கடைசிக் கட்டத்தில் அந்த ஷாக்கை அணைத்து வைக்கச் சொல்லிக் குடும்பம் டாக்டரிடம் பேசுவது உண்டு, பேசவும் வேண்டும். பெரியப்பாவுக்குச் சொல்லியிருப்பது அது இல்லை. சாதாரண பேஸ்மேக்கர் ஷாக் கொடுக்காது.

பேச்சு இவ்வளவு தூரம் வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். எரியூட்டுவதாக இருந்தால் பெட்டியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். உள்ளே லித்தியம் பேட்டரி, நெருப்பில் வெடிக்கும். மின்மயானத்தில் இருப்பவர்களிடம் மறைக்காமல் சொல்லுங்க. மின்மயானமோ விறகோ, விதி ஒன்றுதான். புதைப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

6 ஜூன், இரவு

'அப்ப வெச்சவங்க சாவே மாட்டாங்களா அண்ணா' என்று பல்லடத்துத் தம்பி ஒருவர் மறுபடி கேட்கிறார். மேலே இருப்பதைப் படிங்க தம்பி. எங்கள் பங்காளி வீட்டில் நிலப் பாகப்பிரிவினைக்குக் காத்திருக்கும் ஒருத்தர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் இதையேதான் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

9 ஜூன்

ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை என்றார்கள், பிறகு எதற்கு பேஸ்மேக்கர் என்று காங்கேயத்திலிருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். ஆஞ்சியோ காட்டுவது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களை. அதில் அடைப்பு இருந்தால் ஸ்டென்ட்டோ பைபாஸோ. இங்கே பழுது மின்துடிப்பு போகும் பாதையில். ஆஞ்சியோவில் அது தெரியாது, ஈசிஜியில்தான் தெரியும். விட்டு விட்டு வரும் கோளாறு என்றால் ஒரு நாள் முழுக்க மார்பில் ஒட்டி வைக்கும் ஹோல்டர் மிஷினில் மாட்டும். ஸ்டென்ட் வைத்தவருக்கு பேஸ்மேக்கர் தேவைப்படலாம், பேஸ்மேக்கர் வைத்தவருக்கு நாளைக்கே ஸ்டென்ட்டும் தேவைப்படலாம். ஒன்று இன்னொன்றைத் தடுக்காது. மாரடைப்பை இது தடுக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

அக்காவின் இரண்டாவது கேள்வி நல்ல கேள்வி. துடிப்பு குறைந்தாலே பேஸ்மேக்கர்தானா?

இல்லை. தூக்கத்தில் 40-களுக்கு இறங்குவது நிறையப் பேருக்குச் சாதாரணம். நன்றாக ஓடி ஆடும் இளவட்டங்களுக்கு உட்கார்ந்திருக்கும்போதே 50 இருக்கும், ஒன்றும் செய்யவேண்டியதில்லை. வயதானவர் என்றால் முதலில் மாத்திரைப் பையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். பிரஷருக்குக் கொடுக்கும் மெட்டோபுரோலால், அட்டினோலால் வகை, டில்டியாசெம், டிகாக்ஸின் எல்லாம் துடிப்பைக் குறைப்பவை. இரண்டு டாக்டர் தனித்தனியாக எழுதி, இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கண் பிரஷருக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்துகூடச் சிலருக்கு நாடியை இறக்கிவிடும். கண்ணில் விடுவது இதயத்துக்கு எப்படிப் போகும் என்று நினைப்போம், போகும். தைராய்டு குறைவு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறுவது என்று திருத்தக்கூடிய காரணங்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்று மட்டும்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீங்க, பையோடு டாக்டரிடம் கொண்டுபோங்க.

இதை எழுதும்போது சின்னக் கோபமும் வருகிறது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமலே தேதி குறித்துவிட்டார்கள். இன்னோர் இடத்தில் காட்டினார்கள், ஒரு மாத்திரையை நிறுத்தியதும் நாடி 66-க்கு வந்துவிட்டது. தாராபுரத்துப் பெரியப்பா விஷயம் வேறு, ஈசிஜி பார்த்து முழு ஹார்ட் பிளாக் என்றே டாக்டர் சொல்லிவிட்டார். அவரை இந்தக் கணக்கில் சேர்த்துத் தாமதம் செய்ய வேண்டாம்.

18 ஜூன்

தாராபுரத்துத் தம்பி எழுதியிருக்கிறார். பெரியப்பாவுக்குக் கழுத்து வழியாகத் தற்காலிக ஒயர் விட்டு, கட்டிலருகே பெட்டி வைத்துத் துடிப்பு குறையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறகு நிரந்தரமானது வைத்தாயிற்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவியதாம். மற்றவர்களும் கவனிங்க, அட்டை இருந்தால் பணம் புரட்ட ஓடுவதற்கு முன் ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்க.

ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று கேட்டவர்களுக்கு. முழு மயக்கம் பெரும்பாலும் கிடையாது, இடத்தை மரக்க வைக்கும் ஊசிதான். முகத்துக்கு மேலே துணியால் ஒரு கூடாரம் போட்டுவிட்டார்கள், அதற்குள்ளிருந்து ஒரு நர்ஸம்மாவின் செருப்பு மட்டும் எனக்குத் தெரிந்தது. இடது காரை எலும்புக்குக் கீழே கீறல், தோலுக்கடியில் பெட்டிக்கு ஒரு பை. அங்கே ஓடும் சிரையைப் பிடித்து ஒயரை உள்ளே விட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்துக்கொண்டே இதயத்துக்குக் கொண்டுபோகிறார்கள். நுனியில் மிகச் சின்னதாக ஒரு திருகு. அது தசையில் ஏறும்போது வலி எதுவும் இல்லை. ஒயர் உட்கார்ந்த பிறகு வோல்ட்டை ஏற்றி வைத்துவிட்டு 'விக்கல் மாதிரி வயிறு துடிக்குதுங்களா?' என்று கேட்டார்கள். பக்கத்தில் இருக்கும் உதரவிதானத்தையும் சேர்த்துத் தட்டுகிறதா என்று பார்ப்பதற்காம். துடிக்கவில்லை என்றேன். மூடித் தைத்துவிட்டார்கள். மதியம் வீட்டிலிருந்து அரிசிம்பருப்பு சாதம் வந்தது.

அதற்குப் பிறகுதான் சிரமம். நான்கு முதல் ஆறு வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக்கூடாது. ஒயரின் நுனி தசையோடு ஒட்டிக்கொள்ளும் வரை இழுபடக்கூடாது. தோட்டக்காரர்களுக்கு இது தண்டனை. தட்டுக்கட்டு தூக்கக்கூடாது, தேங்காய் பறிக்கத் தொரட்டி பிடிக்கக்கூடாது. அதற்காகக் கையைக் கட்டிப்போட்டது போல் வைத்திருக்கவும் கூடாது, தோள் மூட்டு இறுகிவிடும். பால் கறக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். தையல் பிரித்து, டாக்டர் சரி என்றால் கறக்கலாம், உதைக்கிற மாட்டை மட்டும் வேறு யாரிடமாவது விடுங்க.

பெட்டியை விரலால் உருட்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். தோலுக்கடியில் அது திரும்பத் திரும்பச் சுழன்றால் ஒயர் நூற்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டு இதயத்திலிருந்தே கழன்று வந்துவிடும். 1968-லேயே மருத்துவர்கள் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். வயதானவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. எங்கள் அம்மிச்சி இருந்திருந்தால் நிச்சயம் உருட்டியிருப்பார்.

2 ஜூலை

கொஞ்சம் பழங்கதை. கரண்ட் வேலை பார்த்தவனுக்கு இது அல்வா, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஆரம்பத்தில் இந்த மிஷின்கள் சுவர் பிளக்கில் ஓடியவை. 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில் கரண்ட் போனது. அப்போது அங்கே வால்ட்டன் லில்லிஹை என்ற சர்ஜன், இதய ஆபரேஷன் செய்த குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட மிஷின்களைப் பயன்படுத்திவந்தார். அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆஸ்பத்திரி மிஷின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஏர்ல் பேக்கன் சில வாரங்களில் பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்துகொடுத்தார். சர்க்யூட்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது, எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த மெட்ரோனோம், அதாவது இசைக்குத் தாளம் தட்டும் கருவியின் படம். 2012-ல் கோவையில் தொழில் நடத்தியவர்களுக்குப் பவர் கட் என்றால் என்ன என்று நான் சொல்லவேண்டியதில்லை. அப்படிப்பட்ட ஊரில் பிளக்கில் மாட்டிய இதயத்தை நினைத்துப் பாருங்க.

உடம்புக்குள் முதலில் வைத்தது 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா ஆஸ்பத்திரியில். வைத்துக்கொண்டவர் ஆர்னே லார்சன், வயது 43, ஒரு நாளைக்குப் பல தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர். சர்ஜன் ஓக்கே சென்னிங்கையும் எஞ்சினியர் ரூனே எல்ம்க்விஸ்ட்டையும் விடாமல் நச்சரித்து இதைச் செய்ய வைத்தவர் லார்சனின் மனைவி. எல்ம்க்விஸ்ட் சர்க்யூட்டை எபாக்ஸியில் வார்த்ததற்கு அச்சாக எடுத்துக்கொண்டது ஷூ பாலிஷ் டப்பா! அது சில மணி நேரத்தில் நின்றுவிட்டது, கையிருப்பில் இருந்த இன்னொன்றை வைத்தார்கள். அதற்குப் பிறகும் மாற்றி மாற்றி, வாழ்நாளில் மொத்தம் 26 பேஸ்மேக்கர். 2001 டிசம்பரில் 86 வயதில் இறந்தார், அதுவும் புற்றுநோயில். செய்தவர், வைத்தவர் இரண்டு பேருமே அவருக்கு முன்னால் போய்விட்டார்கள். உயிர் இழுக்கும் என்பவர்கள் இவர் கதையைப் படிக்கலாம். 43 வருடம் இழுத்தது உண்மைதான், ஆனால் கட்டிலில் இல்லை.

எனக்குப் பிடித்தது வில்சன் கிரேட்பேட்ச். இதய ஓசையைப் பதிவு செய்ய ஒரு சர்க்யூட் கட்டிக்கொண்டிருந்தவர், பாகங்கள் வைத்திருந்த பெட்டியிலிருந்து, மின்சாரத்தைத் தடுத்துக் குறைக்கும் ரெசிஸ்டரை மாற்றி எடுத்துவிட்டார். அதன் மேல் இருக்கும் கலர் கோடுதான் அளவைச் சொல்லும். வேண்டியது பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு, 10 கிலோஓம். எடுத்தது பழுப்பு, கருப்பு, பச்சை, 1 மெகாஓம். சர்க்யூட் ஒரு துடிப்பு கொடுத்துவிட்டு ஒரு நொடி அமைதியாக இருந்தது, மறுபடி துடித்தது. இது இதயத்துக்கு ஆகுமே என்று அவருக்குத் தோன்றியது, 1960-ல் மனிதர்களுக்கு வைத்தார்கள். மில்லில் கலர் கோடு பார்க்காமல் ரெசிஸ்டர் மாட்டிய பையன்களை நான் திட்டாத திட்டு இல்லை. ஒருத்தனும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. பின்னால் 1970-களில் லித்தியம் பேட்டரியைக் கொண்டுவந்ததிலும் இவருக்குப் பெரிய பங்கு. அதற்கு முந்தைய பாதரச பேட்டரிகளை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டியிருந்தது. இப்போது எட்டு, பத்து, சிலருக்கு அதற்கு மேலும் ஓடுகிறது.

5 ஆகஸ்ட்

செக்கப்புக்குப் போய்வந்தேன். 'இதயம் பழகிவிடும்' என்ற பேச்சைப் பற்றிச் சொல்லவேண்டும். ஜூனில் அதைத் தொடாமலே விட்டிருந்தேன்.

செக்கப் எப்படி என்றால், உள்ளங்கை அளவில் ஒயர் வைத்த ஒரு கருவியைச் சட்டைக்கு மேலே, பெட்டி இருக்கும் இடத்தில் வைக்கிறார்கள். மேசையில் லேப்டாப் மாதிரி ஒன்று. பெட்டி தன் குறிப்பேட்டை ஒப்பிக்கும்: பேட்டரி எவ்வளவு மீதி, மேலறையை எத்தனை சதவீதம் தட்டியது, கீழறையை எத்தனை. பிறகு டெக்னீஷியன் வோல்ட்டைப் படிப்படியாக இறக்குவார். 1.5, 1.25, 1, 0.75. திரையில் ஒவ்வோர் ஊசிக்கும் பின்னால் ஓர் அலை வந்துகொண்டிருக்கும். ஏதோ ஒரு படியில் ஊசி மட்டும் விழும், பின்னால் அலை வராது. எனக்கு அந்த நொடியில் தொண்டைக்குக் கீழே ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். அதற்குள் அவர் ஏற்றிவிடுவார். அந்த எல்லைக்கு மேலே தாராளமாக இடம் விட்டு வோல்ட்டை வைப்பார்கள். தேவைக்கு மேல் ஏற்றி வைத்தால் பேட்டரி சீக்கிரம் தீரும்.

அப்புறம் இன்னொன்று செய்வார். தட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அடியில் என் சொந்தத் துடிப்பு எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார். வைத்த புதிதில் 38 இருந்தது. இப்போது அதுவும் நம்பும்படி இல்லை. பழகியதால் இப்படி ஆனதா என்று நேரடியாகவே கேட்டேன். சோம்பேறித்தனம் இல்லைங்க, நடுப்பாதையைக் கெடுத்த தேய்மானம் அது பாட்டுக்கு முற்றுகிறது, பெட்டி இல்லாவிட்டாலும் முற்றியிருக்கும், அப்போது நீங்க இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க மாட்டீங்க என்றார் டாக்டர். தட்டுவதைத் திடீரென நிறுத்தினால் சொந்தத் துடிப்பு எழுந்திருக்கச் சில நொடி எடுக்கும் என்பது உண்மை. அதனால்தான் மெதுவாக இறக்கிப் பார்க்கிறார்கள்.

ஆனால் ஒறம்பறை பேச்சில் முழுக்கக் காற்றுதான் என்றும் சொல்ல மாட்டேன். வலது கீழறையின் நுனியிலிருந்தே எப்போதும் தட்டிக்கொண்டிருந்தால், இடது பக்கம் ஒரு கணம் பிந்திச் சுருங்கும். வருடக்கணக்கில் இப்படிப் போனால் சிலருக்கு இதயத்தின் பம்ப் பலம் குறைகிறது. எல்லாருக்கும் இல்லை. அதனால்தான் இடையிடையே எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். குறைந்தால் மூன்றாவது ஒயர் வைத்து இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தட்டும் வகை இருக்கிறது. இப்போது இயற்கையான மின்பாதையிலேயே, இடது கிளையை ஒட்டி, ஒயரைத் திருகி வைக்கும் முறையும் பரவி வருகிறது. புதிதாக வைக்கப்போகிறவர்கள் இதைப் பற்றிக் கேளுங்க. நான் வைத்தபோது கேட்கத் தெரியவில்லை, யாரும் சொல்லவும் இல்லை.

14 அக்டோபர்

கரண்ட் கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பெட்டி கேட்கிற பெட்டி. வெளியே இருந்து வரும் மின்காந்த இரைச்சலை இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டால், அடிக்கிறதே என்று தட்டாமல் இருந்துவிடும். அதுதான் ஆபத்து. பெட்டி எரிந்துபோவதோ வெடிப்பதோ இல்லை.

மிக்ஸி, கிரைண்டர், டிவி, மைக்ரோவேவ், ஃபேன், தறி மோட்டார் எதற்கும் பயப்பட வேண்டாம், நெஞ்சோடு அணைத்துக்கொள்ளாத வரை. இண்டக்ஷன் அடுப்பு என்றால் இரண்டடி தள்ளி நில்லுங்க. செல்போனை அந்தப் பக்கச் சட்டைப் பையில் வைக்காதீங்க, ஆறு அங்குலமாவது தள்ளி இருக்கட்டும், எதிர்ப்பக்கக் காதில் பேசுங்க. பின்னால் காந்தம் வைத்த புது போன்களுக்கு இது இன்னும் முக்கியம். காந்தம் கிட்டே வந்தால் பெட்டி நின்றுவிடும் என்கிறார்கள், நிற்காது. கேட்பதை விட்டுவிட்டு ஒரே வேகத்தில் தட்டத் தொடங்கும், காந்தத்தை எடுத்தால் பழையபடி. ஓடும் பெட்ரோல் இன்ஜினின் ஸ்பார்க் பிளக் மேல் குனிந்து நிற்காதீங்க. போர் மோட்டார் ஸ்டார்ட்டரைக் கை நீட்டி அமுக்கலாம், கதவைத் திறந்து உள்ளே தலையை விடும் வேலையை மகனிடம் விடுங்க. ஆர்க் வெல்டிங் தொழிலே அதுதான் என்பவர்கள், என்ன மிஷின், எத்தனை ஆம்பியர் என்று டாக்டரிடம் எழுதிக் கொடுத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெட்டிக் கம்பெனிகள் 130, 160 என்று ஆம்பியருக்கு வரம்பு வைத்திருக்கின்றன, கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்வதெல்லாம் கூடாது.

யாரும் கேட்காத ஒன்று, என்னைப் பொறுத்தவரை இதுதான் முதலில் வரவேண்டியது: எர்த். எர்த் சரியில்லாத வாஷிங் மெஷினையோ ஹீட்டரையோ ஈரக் கையோடு தொட்டால் லேசாகச் 'சுருக்' என்கிறதே, நாம் அதைச் சகஜமாக எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கசிவு மின்சாரம் உடம்பு வழியாகப் போகும்போது பெட்டிக்குத் துடிப்பு மாதிரியே கேட்கலாம். நம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் எர்த் குழி தண்ணீர் கண்டு எத்தனை வருடம் ஆகிறது என்று பாருங்க. எர்த்தைச் சரிசெய்து, கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினில் மாட்டுங்க. பேஸ்மேக்கர் இல்லாதவர்களுக்கும்தான்.

27 ஜனவரி 2024

தைப்பூசத்துக்குப் பழனி நடந்து போன ஈரோட்டு நண்பர், பேஸ்மேக்கர் வைத்தவர், ஒரு விசித்திரம் எழுதியிருக்கிறார். மலைப்படி ஏறும்போது நாடி அவ்வளவாக ஏறவில்லை, மூச்சு வாங்கியது. இறங்கும்போது சும்மா இறங்கினாலும் நாடி வேகம். மிஷின் கெட்டுவிட்டதா என்கிறார்.

கெடவில்லை. அவருக்குக் கோளாறு சைனஸ் முடிச்சில், அதனால் வேகத்தை ஏற்ற பெட்டிக்குள் அசைவை உணரும் சென்சாரை இயக்கி வைத்திருப்பார்கள். அதற்குத் தெரிந்தது உடம்பின் குலுக்கல் மட்டும். மேடு ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரியாது. ஏறும்போது மெதுவாக வைப்போம், இறங்கும்போது தொப் தொப்பென்று குதிகால் விழும், குலுக்கல் அதிகம். அதே காரணத்தால் டிராக்டரில் உட்கார்ந்தால் சிலருக்கு நாடி ஏறும், மூச்சு முட்ட வேலை செய்தாலும் உடம்பு அசையாவிட்டால் ஏறாது. அடுத்த செக்கப்பில் சொல்லுங்க, ஆபரேஷன் எதுவும் இல்லாமல் செக்கப் செய்யும் மிஷினிலேயே சென்சாரின் கூர்மையைக் கூட்டிக் குறைத்துவிடுவார்கள். சிலதில் மூச்சு விடும் வேகத்தைப் பார்க்கும் சென்சாரும் இருக்கிறது. தாராபுரத்துப் பெரியப்பாவுக்கு இது பொருந்தாது, அவருடைய வேகம் அவர் முடிச்சிலிருந்தே வருகிறது. அவர் தண்ணீர் கட்டப் போக ஆரம்பித்துவிட்டாராம், மண்வெட்டியைப் பிடுங்கினால் சண்டைக்கு வருகிறாராம்.

11 மார்ச்

முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், எடுக்கலாமா என்று கேட்டவருக்கு: பெட்டி, ஒயர் இரண்டுமே எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவை என்று பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த அட்டையில் இருக்கிறதா பாருங்க. பெட்டியை மட்டும் புதிதாக மாற்றி, பழைய ஒயர் அப்படியே இருந்தால் கணக்கு மாறும். ஏற்றது என்றாலும் ஸ்கேனுக்கு முன் பெட்டியை அதற்கான நிலைக்கு மாற்றி, முடிந்ததும் திருப்பி வைக்க ஆள் வேண்டும். ஸ்கேன் சென்டரில் தேதி வாங்கும்போதே பேஸ்மேக்கர் இருப்பதைச் சொல்லுங்க, மேசையில் படுத்த பிறகு இல்லை. அட்டை தொலைந்துவிட்டது என்றால் வைத்த ஆஸ்பத்திரியில் பதிவு இருக்கும், நகல் கேளுங்க. கிடைத்ததும் போட்டோ எடுத்து மகன், மகள் போனுக்கும் அனுப்பிவிடுங்க.